ஜார்க்கண்ட் தொழிலாளருக்குத் தனி ஆராதனை: சபையின் தீர்மானமும் நம் மனச்சாட்சியும்

கொழுந்துமலை (கோத்தகிரி) எழுதியது:

அன்பு உறவுகளுக்கு வணக்கம். எங்கள் குருசேகரக் குழுவின், அதாவது ஆயரோடு சேர்ந்து சபையை நிர்வகிக்கும் குழுவின், முன் ஒரு தீர்மானம் வந்திருக்கிறது. அடுத்த கூட்டத்தில் அது வாக்குக்கு விடப்படும். குழுவில் நானும் ஓர் உறுப்பினன் என்பதால், கை தூக்குவதற்கு முன் உங்களோடு மனம் திறந்து பேச விரும்புகிறேன். சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்யும் ஜார்க்கண்ட் கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு ஞாயிறு மாலையில் தனி ஆராதனை நடத்த வேண்டும், காலை ஆராதனையையும் அதில் அப்பமும் திராட்சரசமும் பகிர்ந்துகொள்ளும் திருவிருந்தையும் தமிழ்ச் சபையாருக்கு என்றே வகுத்துவிட வேண்டும் என்பதுதான் அந்தத் தீர்மானம். மொழி புரியாமல் உட்கார்ந்திருக்கிறார்கள், ஆலயத்தில் இடம் போதவில்லை, அவர்களுக்கும் இதுதான் வசதி என்று மூன்று காரணங்கள் சொல்லப்படுகின்றன.

மூன்றிலும் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் இந்த மூன்றும் பேச்சுக்கு வருவதற்கு முன்பே என்ன நடந்துகொண்டிருந்தது என்பதை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் கடைசி இரண்டு வரிசைகளில், மணிக்கயிறு தொங்கும் மூலையை ஒட்டித்தான் உட்காருவார்கள். அங்கே உட்காருங்கள் என்று யாரும் சொன்னதில்லை. வேறெங்கும் உட்கார விட்டதும் இல்லை. சில மாதங்களுக்கு முன், குழந்தையை முதுகில் துணியால் கட்டிக்கொண்டு வந்த ஒரு பெண் நடு வரிசையில் அமர்ந்தபோது, அது இன்னார் வீட்டார் உட்காரும் இடம் என்று சொல்லி அவரை எழுப்பினார்கள். எங்கள் ஆலயத்தில் எந்த இருக்கையிலும் பெயர் எழுதி வைக்கவில்லை. திருவிருந்துக்கு வரிசை வரிசையாக எழுந்து போகும்போது, மற்ற எல்லாரும் திரும்பி வந்து அமர்ந்த பிறகே அந்தக் கடைசி இரண்டு வரிசைகள் எழுகின்றன. அவர்கள் வாய் வைத்த பாத்திரத்தில் வேறு யாரும் பருக நேராதபடி அந்த ஒழுங்கு தானாகவே அமைந்துவிட்டது. அறுப்பின் பண்டிகையில் அவர்கள் கொண்டுவந்து வைத்த பூசணிக்காயையும் கீரைக் கட்டுகளையும் உற்சாகமாக ஏலம் விட்டோம். பந்தியில் மட்டும் அவர்களுக்குக் கடைசி முறை.

இதே ஆலயத்தில், 2024 ஆகஸ்டில் இங்கிலாந்தில் கலவரம் நடந்தபோது, அங்கே வேலைக்குப் போயிருக்கும் நம் பிள்ளைகளுக்காகச் சிறப்பு ஜெபம் நடத்தினோம். நிறத்தைப் பார்த்து மனிதரை ஒதுக்கும் தேசத்துக்கு தேவன் மனந்திரும்புதலைத் தர வேண்டும் என்று கண்ணீரோடு வேண்டினோம். அந்த ஜெபத்துக்கு நானும் ஆமென் சொன்னேன். அப்படிச் சொன்ன வாயால் இந்தத் தீர்மானத்துக்குச் சம்மதம் சொல்ல முடியுமா என்பதே என் கேள்வி.

குன்னூர் வழக்கறிஞர் எழுதியது:

சகோதரரே, உங்கள் வேதனை நேர்மையானது. ஆனால் இரண்டு வேறு விஷயங்களை ஒன்றாக முடிச்சுப் போடுகிறீர்கள் என்று அஞ்சுகிறேன். இருக்கையிலிருந்து ஒரு தாயை எழுப்பியது பாவம். அதை ஆயர் கண்டித்திருக்க வேண்டும். தனி ஆராதனை அப்படிப்பட்டதல்ல. தம் தாய்மொழியில் தேவனைத் துதிக்க ஒருவருக்கு வழி செய்து கொடுப்பது எப்படி ஒதுக்குவதாகும்? லண்டனிலும் டொரன்டோவிலும் நம்மவர்கள் தமிழ்ச் சபைகள் வைத்திருக்கிறார்கள். அவற்றை யாராவது இனவெறி என்று சொல்கிறார்களா? எல்லா இனத்தாரையும் ஒரே இரத்தத்தினால் உண்டாக்கிய தேவனே அவர்கள் குடியிருப்பின் எல்லைகளையும் குறித்திருக்கிறார் என்று அப்போஸ்தலர் நடபடிகள் 17 ஆம் அதிகாரத்தில் பவுல் சொல்கிறார். வேற்றுமையை அழித்து எல்லாரையும் ஒரே அச்சில் வார்ப்பது வேதத்தின் நோக்கமல்ல.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்கள் தாக்கப்படுகிறார்கள் என்று பொய்யான காணொளிகள் பரப்பப்பட்டு, ஒரு மாநிலமே குற்றவாளிக் கூண்டில் நிறுத்தப்பட்டது. அப்படி இருக்கும்போது நம்மை நாமே இனவெறியர் என்று அழைத்துக்கொள்வதில் சற்று நிதானம் வேண்டும்.

மான்செஸ்டர் செவிலி எழுதியது:

நான் ஊட்டியில் பிறந்து வளர்ந்தவள். இப்போது இங்கிலாந்தில் செவிலியாகப் பணிபுரிகிறேன். அன்று நீங்கள் யாருக்காக ஜெபித்தீர்களோ அவர்களில் நானும் ஒருத்தி என்பதால் எழுதுகிறேன்.

2024 ஜூலை 29 அன்று சவுத்போர்ட் என்ற ஊரில் நடன வகுப்புக்கு வந்திருந்த சிறுமிகள் மூவர் குத்திக் கொல்லப்பட்டார்கள். கொன்றவன் படகில் வந்திறங்கிய முஸ்லிம் அகதி என்று சில மணி நேரத்துக்குள் வதந்தி பரவியது. உண்மையில் அவன் கார்டிஃப் நகரத்தில் பிறந்தவன். உண்மை வெளிவந்த பிறகும் கலவரம் அடங்கவில்லை. ராதரம் அருகே அகதிகள் தங்கியிருந்த விடுதிக்கு, அவர்கள் உள்ளே இருக்கும்போதே தீ வைக்க முயன்றார்கள். சண்டர்லேண்டில் அவசரப் பணிக்கு வந்துகொண்டிருந்த பிலிப்பைன்ஸ் செவிலியர்களின் காரைக் கல்லால் அடித்தார்கள். அந்த வாரம் இரவுப் பணி முடிந்ததும் நாங்கள் தனியாகப் போகாமல் மூவர் நால்வராகச் சேர்ந்தே வெளியேறினோம். 2025 செப்டம்பரில் லண்டனில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் கலந்துகொண்ட குடியேற்ற எதிர்ப்புப் பேரணியில் சிலர் மரச் சிலுவைகளைத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். கழுத்தில் சிறு சிலுவை அணிந்திருக்கும் நான் அதைத் தொலைக்காட்சியில் பார்த்தபோது என்ன நினைப்பது என்றே தெரியாமல் இருந்தேன். சிலுவையை இப்படிப் பயன்படுத்தக் கூடாது என்று திருச்சபைத் தலைவர்கள் பலர் எழுதினார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

வழக்கறிஞர் ஐயா, எங்கள் தமிழ்க் கூடுகையை எடுத்துக்காட்டாகச் சொன்னீர்கள். நான் ஞாயிறு காலையில் எங்கள் வட்டாரத்து ஆங்கிலேயச் சபைக்குப் போகிறேன். மாதத்தில் ஒரு சனிக்கிழமை மாலை தமிழ்க் கூடுகைக்குப் போகிறேன். தமிழ்க் கூடுகையைத் தொடங்கியவர்கள் நாங்கள். அதற்குப் போவதால் ஞாயிறு காலையில் எனக்கு இடமில்லை என்று யாரும் சொல்லவில்லை. அப்படிச் சொன்ன காலமும் இங்கே இருந்தது. 1948 இல் விண்ட்ரஷ் கப்பல் வந்து சேர்ந்த பிறகு, கரீபியத் தீவுகளிலிருந்து வந்தவர்களில் பலர் பிறப்பிலேயே ஆங்கிலிக்கன் சபையார். ஊர்ப் போதகரின் கடிதத்தோடு ஆலயத்துக்குப் போன சிலரிடம், சபையார் சங்கடப்படுகிறார்கள், இனி வர வேண்டாம் என்று வாசலிலேயே சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அதற்காக இங்கிலாந்துத் திருச்சபையின் பொதுச் சினாடு (அதன் உயர் மன்றம்) 2020 பிப்ரவரியில்தான் மன்னிப்புக் கேட்டது. அதற்குள் அப்படித் திருப்பி அனுப்பப்பட்டவர்களில் பெரும்பாலோர் இறந்தே போயிருந்தார்கள்.

கோத்தகிரித் தீர்மானத்தைத் தொடங்கியவர்கள் யார்? மாலை ஆராதனை வேண்டும் என்று ஜார்க்கண்ட் குடும்பங்கள் கேட்டார்களா, அல்லது காலை ஆராதனை தங்களுக்கே வேண்டும் என்று மற்றவர்கள் கேட்டார்களா? எனக்கு அதுதான் முதல் கேள்வி.

செண்பகனூர் மாணவர் எழுதியது:

கொடைக்கானலிலிருந்து எழுதுகிறேன். நான் கத்தோலிக்கன், திருச்சபை வரலாறு படிக்கிறேன். அக்கா கேட்ட கேள்விக்கு வரலாற்றில் ஒரு நேரடியான முன்மாதிரி இருக்கிறது. அதைச் சற்று விரிவாகவே சொல்ல அனுமதியுங்கள்.

தென்னாப்பிரிக்காவில் கேப் பகுதியின் டச்சு சீர்திருத்தச் சபை, 1829 இல் கூடிய சினாடில், திருவிருந்தை நிறமோ பிறப்போ பாராமல் எல்லாருக்கும் ஒன்றாகவே வழங்க வேண்டும் என்று உறுதியாகச் சொன்னது. 28 ஆண்டுகள் கழித்து, 1857 இல் கூடிய சினாடும் அந்தக் கொள்கையை மறுக்கவில்லை. விசுவாசத்துக்கு வந்த கறுப்பினத்தார் ஏற்கெனவே உள்ள சபைகளில் சேர்க்கப்படுவதே விரும்பத்தக்கது, அதுவே வேதத்துக்கு இசைந்தது என்றுதான் அதன் தீர்மானம் தொடங்குகிறது. அதன் பிறகு ஒரு விதிவிலக்கு வருகிறது: சிலருடைய பலவீனத்தினால் அது நற்செய்திப் பணிக்கு இடையூறாக இருக்கும் இடங்களில், அவர்கள் தனிக் கட்டடத்தில் தம் சிலாக்கியங்களை அனுபவிக்கலாம் என்று. அந்தப் பலவீனர் யார் என்று பாருங்கள். கறுப்பினத்தாரோடு ஒரே பாத்திரத்தில் பருக மனமில்லாத வெள்ளையர்கள்தான் அவர்கள். அவர்களுடைய பலவீனத்துக்கு இடம் கொடுத்து மற்றவர்களைக் கட்டடத்தை விட்டு வெளியேறச் சொன்னார்கள்.

விதிவிலக்கு வழக்கமானது. 1881 இல் கலப்பினத்தாருக்கென்று ஒரு தனிச் சபையே நிறுவப்பட்டது. 1948 இல் ஆட்சிக்கு வந்தவர்கள் நாட்டையே இனவாரியாகப் பிரித்தபோது, அதற்குத் தேவையான இறையியல் ஏற்கெனவே ஆயத்தமாக இருந்தது. வழக்கறிஞர் ஐயா எடுத்துக்காட்டிய அப்போஸ்தலர் 17 ஆம் அதிகாரமும் பாபேல் கோபுர வரலாறும்தான் அந்த இறையியலின் தூண்கள். ஐயாவை அவர்களோடு நான் ஒப்பிடவில்லை. அந்த வசனம் எங்கே கொண்டுபோய் விடப்பட்டது என்பதை மட்டும் சொல்கிறேன். ஒரே இரத்தம் என்ற முற்பகுதியை விட்டுவிட்டு எல்லைகள் என்ற பிற்பகுதியை மட்டும் அவர்கள் பிடித்துக்கொண்டார்கள்.

அந்தச் சபைக்குள்ளேயே மனச்சாட்சியின் குரலும் எழுந்தது. 1960 மார்ச் 21 அன்று ஷார்ப்வில்லில் காவல்துறை சுட்டு 69 பேர் இறந்த பிறகு, பேயர்ஸ் நாடே என்ற போதகரால் பேசாமல் இருக்க முடியவில்லை. மனுஷருக்குக் கீழ்ப்படிகிறதைப் பார்க்கிலும் தேவனுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்ற வாக்கியத்தின்மேல் 1963 இல் அவர் பிரசங்கித்துவிட்டுத் தம் பிரசங்க பீடத்தை விட்டு இறங்கினார். அரசு 1977 முதல் 1984 வரை அவருக்குத் தடை விதித்து முடக்கி வைத்தது. 1881 இல் எந்தச் சபை ஒதுக்கி உருவாக்கப்பட்டதோ அதுவே 1982 இல் பெல்ஹார் என்ற இடத்தில் ஒரு விசுவாச அறிக்கையை எழுதி, பிரிவினையை நியாயப்படுத்தும் போதனை நற்செய்திக்கு விரோதமானது என்று அறிவித்து, 1986 இல் அதை முறைப்படி ஏற்றுக்கொண்டது. ஒதுக்கப்பட்டவர்கள் ஒதுக்கியவர்களுக்கு விசுவாசத்தைக் கற்றுக்கொடுத்தார்கள்.

நம் ஊர் வரலாறும் இதிலிருந்து தூரத்தில் இல்லை. சபைக்குள் சாதி வேற்றுமையை உடனடியாகவும் முற்றாகவும் கைவிட வேண்டும் என்று கல்கத்தா ஆயர் டேனியல் வில்சன் 1833 இல் சுற்றறிக்கை அனுப்பியபோது, தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் பலர் சபையை விட்டே விலகினார்கள். எங்கள் மலையில் 1845 இல் முதல் வீடுகளைக் கட்டிய அமெரிக்க மதுரை மிஷன், அதே பத்தாண்டில் தன் உபதேசியர்களை எல்லாச் சாதியாரோடும் ஒன்றாக அமர்ந்து உண்ணச் சொல்லி, மறுத்தவர்களை நீக்கியது. அது சரியான முடிவு என்றே நான் நினைக்கிறேன். ஆனாலும் அதே மிஷனரிகள் கொடைக்கானலில் தங்களுக்கென்று ஓர் உலகத்தை அமைத்துக்கொண்டார்கள். அவர்கள் பிள்ளைகளுக்கென்றே 1901 இல் ஒரு பள்ளியும் தொடங்கப்பட்டது. பிறருடைய பந்தியைத் திருத்துவது தன் பந்தியைத் திருத்துவதை விட எளிதாகத்தான் இருந்திருக்கிறது.

கூடலூர் ஆசிரியை எழுதியது:

தம்பி எழுதியதைப் படித்துவிட்டு வெகுநேரம் பதில் எழுத முடியவில்லை. என் பெற்றோர் சிலோனிலிருந்து வந்தவர்கள். 1948 இல் இலங்கை கொண்டுவந்த குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழர்களை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபரில் கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தில், 9,75,000 பேராகக் கணக்கிடப்பட்டவர்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு பிரித்தார்கள்; மிச்சமிருந்த 1,50,000 பேரை 1974 இல் ஆளுக்குப் பாதியாகப் பகிர்ந்துகொண்டார்கள். எந்தப் பங்கில் இருக்க விருப்பம் என்று எங்கள் பெரியவர்களை உட்கார வைத்துக் கேட்டவர் யாருமில்லை. தலைமன்னாரில் கப்பல் ஏறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் காத்திருந்து, கடைசியில் அரசுத் தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், வந்து சேர்ந்தார்கள்.

அம்மா தம்முடைய ஞானஸ்நானச் சான்றைத் தகரப் பெட்டியில், குடும்ப அட்டைக்கு அடியில் வைத்துக் கொண்டுவந்தார். இங்கே ஓர் ஆலயத்தில் அதைக் காட்டியபோது, சிலோன்காரர்கள் இன்று இருப்பார்கள், நாளைக்குத் தோட்டம் மாறிப் போய்விடுவார்கள், சந்தா யார் கட்டுவது என்று சொல்லிச் சபைப் பதிவேட்டில் பெயரை ஏற்றவில்லை. அம்மாவும் அப்பாவும் பேசியது இதே தமிழ், பாடியது இதே ஞானப்பாட்டுகள். அதனால் மொழி புரியவில்லை என்ற காரணத்தை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. மொழி ஒன்றாக இருந்தாலும், ஒதுக்க நினைப்பவர்களுக்கு வேறொரு காரணம் கிடைத்துவிடுகிறது.

இதைவிட வருத்தமானது ஒன்று உண்டு. இன்று எங்கள் பக்கத்தில் ஜார்க்கண்ட், அஸ்ஸாம் தொழிலாளர்களைக் கடுமையாகப் பேசுகிறவர்களில் சிலோனிலிருந்து வந்த குடும்பங்களின் பிள்ளைகளும் இருக்கிறார்கள். வடக்கன் வந்து நம் வேலையைப் பிடுங்கிக்கொண்டான் என்கிறார்கள். எகிப்தில் நீங்களும் அந்நியராக இருந்தீர்கள் என்று லேவியராகமம் 19 ஆம் அதிகாரத்தில் சொல்லப்பட்டது, மறந்துபோகக்கூடியவர்களைப் பார்த்துத்தான்.

தோட்டத்து மேற்பார்வையாளர் எழுதியது:

டீச்சர் சொன்னதற்கு ஒரு விளக்கம் தேவை. வேலை பற்றிய கோபத்தை வெறும் வெறுப்பு என்று தள்ளிவிடாதீர்கள். நம் பிள்ளைகள் படித்துவிட்டுக் கோயம்புத்தூருக்கும் திருப்பூருக்கும் போய்விட்டதால் கொழுந்து பறிக்க ஆள் இல்லை. அதனால்தான் ஒப்பந்தக்காரர்கள் அவர்களைக் கூட்டி வருகிறார்கள். ஆனால் அவர்களுக்குக் குறைந்த கூலி கொடுக்க முடிகிறது என்பதைக் காட்டியே, இங்கே மிஞ்சியிருக்கும் வயதான பெண்களின் கூலியையும் சிலர் உயர்த்தாமல் வைத்திருக்கிறார்கள். அந்தப் பெண்ணுக்கு வரும் கோபம் நியாயமானது. அது கூலியை நிர்ணயிப்பவர்மேல் போகாமல் பக்கத்து நிரையில் கொழுந்து பறிப்பவள்மேல் போவதுதான் சிக்கல். சபை இதைப் பற்றி வாய் திறக்காமல் ஆராதனை நேரத்தை மட்டும் மாற்றிக்கொண்டிருந்தால் ஒன்றும் நடக்காது.

குன்னூர் வழக்கறிஞர் எழுதியது:

தென்னாப்பிரிக்க வரலாறு எனக்குப் புதிது. படித்தேன், மனம் கனத்தது. அந்த வசனத்தை நான் எடுத்துக்காட்டிய விதத்தை மாணவர் திருத்தியது சரியே. ஆயினும் என் நிலைப்பாட்டின் மையத்தை விட்டுக்கொடுக்க நான் ஆயத்தமாக இல்லை. புரியாத மொழியில் இரண்டு மணி நேரம் ஒருவரை உட்கார வைத்து, இது ஐக்கியம் என்று நாம் திருப்திப்பட்டுக்கொள்வதும் ஒரு வகை அகந்தைதான். ஐக்கியத்தின் விலையை அவர்கள் மட்டும் கொடுக்கிறார்கள். நாம் ஒரு பாட்டைக்கூட மாற்றிக்கொள்வதில்லை. பல பண்பாட்டினர் ஒன்றாக வாழ்வதைப் பற்றி மேற்கு நாடுகளில் நடக்கும் விவாதத்தில் எனக்கு மிக நியாயமாகப் படும் கேள்வி இதுதான்: வந்தவர்கள் மட்டும்தான் மாற வேண்டுமா? தனி ஆராதனை அவர்களுக்கு அவர்களுடைய பாட்டையாவது கொடுக்கும்.

கேத்தி முதியவர் எழுதியது:

பிள்ளைகளே, நீங்கள் எழுதுவதை எல்லாம் பேரன் வாசித்துக் காட்டினான். நான் சொல்ல அவன் எழுதுகிறான்.

வழக்கறிஞர் தம்பி கேட்ட கேள்வி நல்ல கேள்வி. அதற்கு அப்போஸ்தலர் 6 ஆம் அதிகாரத்தில் பதில் இருக்கிறது. எருசலேம் சபையில் கிரேக்கு பேசுகிற விதவைகள் அன்றாடப் பந்தியில் அசட்டை பண்ணப்பட்டார்கள். அப்போஸ்தலர்கள் அவர்களுக்குத் தனிப் பந்தி போடவில்லை. பந்தியை நடத்துகிற பொறுப்புக்கு ஏழு பேரைத் தெரிந்துகொள்ளச் சொன்னார்கள். ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா. ஏழும் கிரேக்கப் பெயர்கள். முறையிட்டவர்கள் பக்கத்து ஆட்கள் கையிலேயே கரண்டியைக் கொடுத்துவிட்டார்கள். உங்கள் குருசேகரக் குழுவில் அந்த ஜார்க்கண்ட் குடும்பங்களிலிருந்து ஒருவராவது இருக்கிறாரா?

இன்னொன்று. ஏதோ நாம் கிறிஸ்தவத்தைக் கற்றுக்கொடுக்க வேண்டிய புதியவர்கள் என்பதுபோல அவர்களைப் பற்றிப் பேசுகிறோம். பாசல் மிஷன் எங்கள் கேத்தியில் பணி தொடங்கியது 1846 இல். ஜெர்மனியின் கோஸ்னர் மிஷனார் ஜார்க்கண்டில் உள்ள ராஞ்சிக்கு வந்து சேர்ந்தது 1845 இல். அவர்களுடைய சபை நம்முடையதைவிட ஒரு வருஷம் மூத்தது. எங்கள் படுகர் வீடுகளில் முதன்முதலில் ஞானஸ்நானம் பெற்றவர்களைச் சொந்த அட்டியில் (ஊரில்) சேர்க்காமல் விட்ட கதைகளைப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அப்படி வெளியே நிறுத்தப்பட்டவர்களைக் கொண்டுதான் இங்கே சபை உண்டானது.

நீங்கள் எல்லாரும் அவர்களைப் பற்றி நன்றாகவே பேசுகிறீர்கள். அவர்களிடம் யாராவது போய்ப் பேசினீர்களா?

கொழுந்துமலை (கோத்தகிரி) எழுதியது:

ஐயா சொன்ன பிறகு, குழுவில் என்னோடு ஒத்த கருத்துள்ள இன்னொருவரையும் தமிழ் ஓரளவு பேசத் தெரிந்த ஒரு ஜார்க்கண்ட் இளைஞரையும் அழைத்துக்கொண்டு லயத்துக்குப் போனேன். ஞாயிறு பிற்பகல் என்பதால் பெரும்பாலானோர் வீட்டில் இருந்தார்கள். உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்து, பால் இல்லாத தேநீர் கொடுத்தார்கள். சுவரில் சட்டம் போட்ட ஒரு புகைப்படத்தில், ராஞ்சிப் பக்கத்துக் கிராமத்து ஆலயத்தின் முன்னால் வரிசையாக நிற்கும் பாடகர் குழு இருந்தது. அதில் இரண்டாவதாக நிற்பவர்தான் எங்கள் ஆலயத்தில் இருக்கையிலிருந்து எழுப்பப்பட்ட அந்தப் பெண். ஊரில் அவர் பாடகர் குழுவை நடத்தியவர்.

அவர்கள் எல்லாரும் ஒரே கருத்துடையவர்கள் என்று நான் எழுதினால் அது பொய்யாகும். வயதானவர்கள் சிலர் தங்கள் ஊரில் பேசும் சாத்ரி மொழியிலும் இந்தியிலும் பாட ஏங்குகிறார்கள்; மாதம் ஒரு முறையாவது அப்படி ஓர் ஆராதனை வேண்டும் என்றார்கள். வழக்கறிஞர் சொன்னதில் இந்த அளவுக்கு நியாயம் இருக்கிறது. இளைஞர்களோ, எங்கள் பிள்ளைகள் இங்குள்ள பள்ளியில் தமிழில் படிக்கிறார்கள், அவர்கள் ஞாயிறு பள்ளிக்கும் இங்கேதான் வர வேண்டும், மாலைக்கு எங்களைத் தள்ளினால் பிள்ளைகளையும் தள்ளியதாகும் என்றார்கள். திருவிருந்தைப் பற்றிக் கேட்டபோது யாரும் உடனே பேசவில்லை. பிறகு அந்தப் பாடகர் குழுப் பெண், கடைசியாக எழுவதை நாங்கள் கவனிக்கவில்லை என்று நினைக்கிறீர்களா என்று மட்டும் கேட்டார்.

ஆனால் அவர்கள் முதன்மையாகப் பேசியது ஆராதனையைப் பற்றியே அல்ல. கல்லறைத் தோட்டத்தைப் பற்றி. கடந்த மழைக்காலத்தில் அவர்களில் ஒருவர் இறந்துபோனார். சந்தா கட்டும் உறுப்பினருக்கும் அவர் குடும்பத்தாருக்கும் மட்டுமே கல்லறைத் தோட்டத்தில் இடம் என்ற விதியைக் காட்டி இடம் மறுக்கப்பட்டது. எல்லாரிடமும் பணம் திரட்டி, ஆம்புலன்ஸ் பிடித்து, உடலைச் சொந்த ஊருக்கு அனுப்பினார்கள். அந்தக் கடனை இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். சந்தா கட்ட ஆயத்தமாகத்தான் இருந்தோம், பதிவேட்டில் பெயர் சேர்க்க நிரந்தர முகவரி கேட்டார்கள், லயத்து முகவரியை ஏற்கவில்லை என்றார்கள். இந்த விதி எங்கள் குருசேகரத்தில் இருப்பதைக் குழுவில் பலர் அறிவோம். இந்தக் குடும்பங்களுக்கு அது எதைச் செய்திருக்கிறது என்று எங்கள் கூட்டத்தில் யாரும் பேசியதில்லை.

கூடலூர் ஆசிரியை எழுதியது:

பதிவேட்டில் பெயர் இல்லை, அதனால் கல்லறையில் இடமில்லை. லயத்து முகவரி, அதனால் பதிவேட்டில் பெயர் இல்லை. என் அம்மாவுக்குச் சொன்னதும் வரிக்கு வரி இதுதான். தமிழ்நாட்டில் சாதிக்கென்று சுவர் எழுப்பிப் பிரித்த கல்லறைத் தோட்டங்களை நாம் அறிவோம். செத்த பிறகும் பக்கத்தில் படுக்க விடாதவர்கள், உயிரோடு இருக்கும்போது மாலை ஆராதனையில் காட்டும் கரிசனையை எப்படி நம்புவது?

மான்செஸ்டர் செவிலி எழுதியது:

இங்கே நான் இறந்தால் எங்கள் வட்டாரத்து ஆலயத்தில் அடக்க ஆராதனை நடத்த என் முகவரி போதும். குடியேறியவள் என்பதால் இந்த நாட்டில் பலவற்றுக்குப் பயப்படுகிறேன். அதற்கு மட்டும் பயப்பட்டதில்லை. அண்ணா, கூட்டத்தில் இதைச் சொல்லுங்கள்.

குன்னூர் வழக்கறிஞர் எழுதியது:

சாத்ரி ஆராதனை வேண்டும் என்ற என் கருத்து மாறவில்லை. அவர்களிலேயே சிலர் அதை விரும்புகிறார்கள் என்று கொழுந்துமலை எழுதியிருப்பது எனக்கு ஆறுதல். ஆனால் காலைத் திருவிருந்தைத் தமிழ்ச் சபையாருக்கு என்று வகுக்கும் வரியை இனி என்னால் ஆதரித்துப் பேச முடியாது. கல்லறை விதியோ சட்டப்படி பார்த்தாலும் நிற்குமா என்பதே சந்தேகம். ஆகவே தீர்மானத்துக்கு மாற்றாக ஒரு வரைவை எழுதித் தருகிறேன். ஞானஸ்நானச் சான்றோ தாய்ச் சபையின் கடிதமோ உள்ள எவரும், தற்போது வசிக்கும் முகவரியைக் கொண்டே பதிவேட்டில் சேரலாம். சேர்ந்த நாள் முதல் கல்லறைத் தோட்டம் உட்பட எல்லா உரிமைகளும் அவர்களுக்கு உண்டு. மாதம் ஒரு ஞாயிறு மாலையில் சாத்ரி, இந்தி ஆராதனை நடக்கும். அதற்கு யாரும் வரலாம். காலை ஆராதனையும் திருவிருந்தும் எல்லாருக்கும் பொது.

செண்பகனூர் மாணவர் எழுதியது:

ஐயா, இரண்டு சேர்க்கைகள் செய்ய முடியுமா? மாலை ஆராதனையை நடத்துபவர்களை அவர்களே தெரிந்தெடுக்க வேண்டும், அவர்களில் ஒருவர் குருசேகரக் குழுவிலும் இடம்பெற வேண்டும் என்பது ஒன்று. திருவிருந்துக்கு எழும் ஒழுங்கு ஒவ்வொரு வாரமும் வேறு வேறு வரிசையிலிருந்து தொடங்க வேண்டும் என்பது மற்றொன்று. இரண்டாவது சிறிய விஷயமாகத் தோன்றலாம். 1857 இல் தொடங்கியதும் அந்த இடத்தில்தான்.

தோட்டத்து மேற்பார்வையாளர் எழுதியது:

மூன்றாவதாக ஒன்றையும் சேருங்கள். சபையார் நடத்தும் தோட்டங்களில் உள்ளூர்ப் பெண்ணுக்கும் வெளிமாநிலப் பெண்ணுக்கும் ஒரே கூலி என்று ஆயர் பிரசங்க பீடத்திலிருந்து சொல்ல வேண்டும். தீர்மானத்தில் எழுத முடியாவிட்டாலும் சொல்லத்தான் வேண்டும்.

கொழுந்துமலை (கோத்தகிரி) எழுதியது:

வரைவுக்கு நன்றி, வழக்கறிஞர் ஐயா. மாணவர் கேட்ட இரண்டையும் சேர்த்துத் தாருங்கள். அச்செடுத்துக் கூட்டத்துக்கு முன்பே உறுப்பினர் எல்லாருக்கும் கொடுத்துவிடுகிறேன். கூலி விஷயத்தை ஆயரிடம் நேரில் பேசுவேன். பழைய தீர்மானமே நிறைவேறினால், என் மறுப்பையும் அதற்கான காரணத்தையும் கூட்டக் குறிப்பேட்டில் பதிவு செய்யச் சொல்லப்போகிறேன். இன்னொரு வேண்டுகோள்: கோஸ்னர் சபையின் பாடல் புத்தகம் ராஞ்சியில் கிடைக்கும் என்கிறார்கள். அதை வரவழைக்க வழி தெரிந்தவர்கள் எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள். அந்தப் பாடகர் குழுப் பெண் இசைக் குறிப்புகளோடு கூடிய பதிப்பு வேண்டும் என்று கேட்டிருக்கிறார்.